பெரிய வியாழனில் வெட்டிய வேர்

லூர்துமேரிக்குப் பெயர் வைத்தது காலண்டர்தான். 1903 பிப்ரவரி பதினொன்றாம் தேதி, லூர்து மாதா திருநாளன்று விடிகிற நேரத்தில், சாந்தோம் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்து வாசலில் மீன்கூடை ஒன்று இருந்தது. உள்ளே மீன் இல்லை, இவள் இருந்தாள். ஒரு நாள் முன்னால் வந்து சேர்ந்திருந்தால் அன்றைய புனிதையின் பெயரால் ஸ்கொலாஸ்திகா என்று வைத்திருப்பார்கள். வாயில் நுழையாத அந்தப் பெயரிலிருந்து தப்பித்ததைப் பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்காத விஷயம் ஒன்று இருந்தது. ஏழு வயதில் மடத்துத் தலைவியிடம் போய், "அந்தக் கூடை எங்கே, மதர்?" என்று கேட்டாள். நாற்றம் தாங்காமல் அன்றைக்கே எரித்துவிட்டோம் என்று பதில் வந்தது. மதர் நல்லவர்தான், கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். ஆனால் சில உண்மைகளைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுச் சொன்னால் குடியா முழுகிவிடும்? தன் தாய் கைபட்ட ஒரே சாமானும் சாம்பலாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு அந்தக் குழந்தை போய்ப் படுத்துக்கொண்டது.

மிச்சம் இருந்தது அவளுடைய உடம்புதான். அதில் ஒரே ஓர் அடையாளம். இரண்டு கையிலும் சுண்டுவிரல் நேராக இருக்காது, மோதிர விரலைப் பார்த்து வளைந்திருக்கும். அந்த விரலை வைத்துக்கொண்டு அவள் தேடினாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகிற பெண்கள் கைகூப்பிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். கைகூப்பினால் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக நன்றாகத் தெரியும். அதற்காகவே ஓரத்துப் பெஞ்சில் இடம் பிடித்து உட்காருவாள். பீடத்தைப் பார்க்க வேண்டிய கண் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பாவத்தை மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சில் போய் உட்காருவாள்.

இருபத்திரண்டு வயதில் ராயப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஞானதாஸ் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவன், சாதுவான பிள்ளை. இரண்டு தடவை பார்த்துப் பேசினார்கள். மூன்றாம் தடவை அவனுடைய தாயார் மட்டும் மடத்துக்கு வந்தார். "பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா ரத்தத்துல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? குஷ்டமோ, கிறுக்கோ, நாளைக்கு என் பேரப்புள்ளைக்கு வந்தா நான் யாரப் போய்க் கேக்கறது?" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று லூர்துமேரி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மீது அவளுக்குக் கோபமே வரவில்லை. அதே கேள்வியைத்தானே அவளும் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்?

அதற்குப் பிறகு வரன் எதுவும் வரவில்லை. 1927-ல் மதர் சொல்லிவைத்து ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் போகிற வழியில், மாமரங்களுக்கு நடுவே பழைய பங்களா ஒன்றில் நடந்த சின்னக் கல்லூரி அது. தாவரவியல் லேபுக்கு ஆயா வேண்டும் என்றார்கள். பாட்டில் கழுவுகிற வேலைதான். ஆனால் மடத்துத் தையல்கூடத்தில் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரே வருஷத்தில் வேர், தண்டு எல்லாவற்றையும் மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டி ஸ்லைடாக்குகிற வேலை முழுக்க அவளிடம் வந்துவிட்டது.

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் டுமீங் குப்பத்தின் ஓரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் மீன் விற்கிற முத்தம்மா, அவள் மகள் பச்சையம்மா. இரண்டு பேருக்கும் முன்பல்லில் ஒரே இடைவெளி, ஒரே நடை, வசவில்கூட ஒரே ராகம். தாயும் மகளும் தெருவில் சண்டை போட்டால் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். லூர்துமேரி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"இன்னா லூர்து, தெருக்கூத்தா நடக்குது இங்க? இப்டிப் பாத்துக்கினு கீறே?" என்று முத்தம்மா ஒரு நாள் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் அச்சு அசல் ஒண்ணா கீறீங்கக்கா."

"அய்ய, இந்த மூதேவியும் நானுமா?" என்று தாயும் மகளும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் லூர்துமேரிக்கு எல்லா நாளையும்விடக் கஷ்டமான நாள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். கோயில் பங்கு ஜனங்கள் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிப் போவார்கள். அவரவர் தாய் தகப்பன் கல்லறையைக் கழுவி, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இவளும் ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போவாள். ஏற்றுவதற்குக் கல்லறை கிடையாது, நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவாள். ஏற்றின கையோடு பயம் வந்துவிடும். அம்மா எங்கேயாவது உயிரோடு இருந்தால்? உயிரோடு இருக்கிறவளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவது அவளைச் சாகடிக்கிறதுக்குச் சமம் இல்லையா? சரி, ஏற்றாமல் விட்டால், செத்துப்போன ஆத்துமா மகள் ஒருத்தி இருந்தும் இருட்டில் நிற்காதா? ஏற்றினாலும் குற்றம், விட்டாலும் குற்றம். வாயால் ஊதி அணைத்துவிட்டுத் திரும்பவும் ஏற்றிய வருஷங்களும் உண்டு.

லேபில் அவளுக்கு மேலே இருந்தவள் நீரஜா. மயிலாப்பூர்ப் பெண், டெமான்ஸ்ட்ரேட்டர், லூர்துமேரியைவிட இரண்டு வயது இளையவள், வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. வருஷா வருஷம் பெண்களுக்கு அவள் நடத்துகிற பாடங்களில் ஒன்றுக்கு மட்டும் லூர்துமேரி கைவேலையை நிறுத்திவிட்டுக் கதவருகில் நிற்பாள். பாடம் இங்கிலீஷில். மடத்தில் கற்ற இங்கிலீஷ் அதற்குப் போதும்.

ஒரு செல் இரண்டாகப் பிரிகிற பாடம் அது. பிரிகிற செல்லுக்குத் தாய் என்று பெயர். பிரிந்த இரண்டும் மகள்கள். தாய்க்குள்ளே நூல் நூலாகச் சில இருக்கின்றன, குரோமோசோம் என்று பெயர். அவள் எப்படிப்பட்டவள் என்பதெல்லாம் அந்த நூலில்தான் இருக்கிறது. வெங்காயத்துக்குப் பதினாறு. பிரிகிற நேரம் வந்தால் ஒவ்வொரு நூலும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். பிளந்ததில் ஒரு பாதி இந்தக் கோடிக்கும் மறு பாதி அந்தக் கோடிக்குமாகப் போய்ச் சேரும். நடுவில் ஒரு சுவர் எழும்பும். இப்போது இரண்டு மகள்கள், இரண்டு பேரிடமும் பதினாறு.

"அப்புறம் அந்தத் தாய் எங்கே?" என்று ஒரு வருஷம் ஒரு மாணவி கேட்டாள்.

"தாய்னு தனியா எதுவும் மிச்சமில்லை. அவள் மகள்களாகவே ஆயிட்டாள்," என்றாள் நீரஜா.

லூர்துமேரி கதவுக்கு இன்னும் கிட்டே வந்தாள். முப்பது வருஷமாக அம்மா எங்கே போனாள் என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, எங்கேயும் போகவில்லை, மகளாக ஆகிவிட்டாள் என்று யாரோ கதவுக்குள்ளிருந்து சொல்கிறார்கள். வெங்காயத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து அவளுக்கு ஓர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தாய் மகளாகிறதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்லைடுகளைச் செய்கிறவளே அவள்தான். நூற்றுக்கணக்கில் செய்தாகிவிட்டது. ஆனால் ஆயாக்கள் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கக் கூடாது. எந்தக் காலத்திலோ ஓர் ஆயாவின் கண்மை லென்ஸில் அப்பிவிட்டதாம், அன்றைக்குத் துறைத் தலைவியான வெள்ளைக்காரத் துரைசானி போட்ட சட்டம். மைக்ராஸ்கோப் இருக்கிற பீரோவுக்குப் பூட்டு, சாவி அந்த அம்மாளிடம், அவர் ஊரில் இல்லாதபோது நீரஜாவிடம். லூர்துமேரி பிறந்ததிலிருந்து கண்ணுக்கு மை வைத்ததில்லை. அதைப் போய் யாரிடம் சொல்வது? பண்டம் சமைத்து ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருந்தது. பெல்லாரி வெங்காயத்தைக் கண்ணாடிக் குவளையின் வாயில் உட்காரவைத்து, அடிப்பாகம் தண்ணீரில் படும்படி விட்டால், மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். அதன் நுனியை வெட்டி மருந்தில் போட வேண்டும். மருந்தில் விழுந்த நொடியில் எது எது எந்த நிலையில் இருந்ததோ, அப்படியே நின்றுவிடும். நாள் முழுக்க வேர் ஒரே மாதிரி பிரிந்துகொண்டிருக்காது. காலையில் வெட்டினால் சொற்பம். உச்சி நேரத்தில்தான் நிறையப் பிரியும் என்று நீரஜா பல தடவை வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். வெங்காயம் இருந்த பின்னறையில் கடிகாரம் இல்லை, பகலில் நீரஜாவுக்கு வேறு கட்டடத்தில் வகுப்பு. லூர்துமேரி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சாந்தோம் கோயிலில் திரிகால ஜெபத்துக்கு மணி அடிப்பார்கள். முதல் மணி காதில் விழுந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள், ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே சவரக்கத்தியால் நுனியை நறுக்குவாள். ஜெபம் முடியும்போது எல்லா நுனியும் மருந்தில் இருக்கும். ஆறு வருஷமாக இதே பழக்கம், ஒரு தடவை தப்பியதில்லை.

1934 மார்ச் இருபத்தொன்பது, வியாழக்கிழமை. பரீட்சைக்கான ஸ்லைடுகளுக்கு அன்றைக்கு வேர் வெட்ட வேண்டும். லூர்துமேரி கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தாள். மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருக்கிற நேரத்தில் நினைப்பு வழக்கம்போல அம்மாவிடம் போயிற்று. அவளுக்கு இப்போது என்ன வயசு இருக்கும், ஐம்பதா, அறுபதா? சுண்டுவிரல் வளைந்திருக்குமா? வெயில் ஜன்னலைத் தாண்டி மேஜைமேல் ஏறியது. மணி அடிக்கவே இல்லை.

எப்படி அடிக்கும்? அன்றைக்குப் பெரிய வியாழன், சேசு சிலுவையில் அறையப்பட்ட வெள்ளிக்கு முந்தின நாள். காலைப் பூசையில் கடைசியாக ஒரு தடவை அடித்துவிட்டால், அப்புறம் சனிக்கிழமை வரைக்கும் கோயில் மணிக்கு நாக்கு கிடையாது, மரக்கட்டையைத் தட்டுவதோடு சரி. சேசுநாதர் பாடுபட்டுக் கல்லறைக்குப் போகிற நாட்களில் மணியோசை எதற்கு? மடத்தில் வளர்ந்த லூர்துமேரிக்கு இது தெரியாதா? தெரியும். காலைப் பூசையில் அந்தக் கடைசி மணியைக் கேட்டுக்கொண்டு முழங்காலில் இருந்ததும் அவள்தான். புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. தோட்டக்கார வேலு வாசலில் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஒண்ணரை ஆவுது, சோறு துன்னலியா?" என்று கேட்டபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

அவசரமாக வெட்டி மருந்தில் போட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. உயிர்த்த ஞாயிறான பாஸ்குவின் விடுமுறை முடிந்து வந்து மெழுகில் பதித்தாள், சீவினாள், சாயம் ஏற்றினாள். கையில் பிடித்துப் பார்த்தால் எல்லா ஸ்லைடும் எப்போதும்போல அழகாகத்தான் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத்தான் வழியில்லையே.

நீரஜா ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறிற்று.

"லூர்து, இங்கே வா. எப்போ வெட்டினே இதை?"

"வியாழக்கிழமை, மிஸ்."

"நாளைக் கேக்கலை, மணியைக் கேக்கறேன். எல்லாம் தூங்கிண்டிருக்கு. ஒரு ஸ்லைடு முழுக்கத் தேடினா ரெண்டு தேறமாட்டேங்கறது. பரீட்சைக்கு வர்றவர் என் மூஞ்சியில விட்டெறிவார்."

வேலை போனால் போகட்டும் என்று லூர்துமேரி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். மணி அடிக்கவில்லை, அதனால் வெட்டவில்லை. நீரஜா முதலில் நம்பவில்லை. நம்பியதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க கோயில்ல மணி அடிக்கலேன்னா இங்கே வெங்காயம் பிரியப்படாதா? நன்னாயிருக்கு! ஏன், பண்ணி முடிச்சதும் நீயே ஒண்ணை எடுத்துப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே."

"நாங்க பார்க்கக் கூடாது, மிஸ்."

நீரஜாவின் சிரிப்பு நின்றது. "ஏழு வருஷமாவா? ஒரு தடவைகூடவா?"

லூர்துமேரி இல்லை என்று தலையாட்டினாள்.

துரைசானி ஊட்டிக்குப் போயிருந்தார். நீரஜா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். போன வருஷத்து நல்ல ஸ்லைடு ஒன்றை எடுத்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. ஒரு கண்ணால பாரு. இன்னொண்ணை மூட வேண்டாம்."

முதலில் லூர்துமேரிக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு வெளிச்சம். நீரஜா பக்கத்தில் நின்று திருகைத் திருப்பினாள், சட்டென்று எல்லாம் தெளிந்தது. சின்னச் சின்ன அறைகளாக வரிசை கட்டியிருந்தது. ஓர் அறையில் கறுப்பு நூல்கள் நடுவே வரிசையாக நின்றன. பக்கத்து அறையில் அவை இரண்டு கூட்டமாகி ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருந்தன. விலகுகிறபோதும் நூல்களின் வால் இன்னும் பின்னாலேயே கிடந்தது, போக மனசில்லாமல் போகிறவர்கள் மாதிரி. ஆறு வருஷமாகத் தன் கையால் செய்து செய்து ஊருக்குக் கொடுத்தது இதுதானா? அவள் கண்ணை எடுக்கவில்லை. கண்ணீர் லென்ஸில் விழுந்துவிடுமோ என்று பயந்து கடைசியில் எடுத்தாள்.

"மிஸ், மனுசருக்கும் இப்படித்தானா? அம்மா அப்படியே மகளா ஆயிடுவாங்களா?"

"அப்படியே இல்லை. உடம்பு வளர்றது இப்படித்தான். ஆனா அம்மாகிட்டேர்ந்து குழந்தைக்கு வர்றது பாதிதான், பாக்கிப் பாதி அப்பாகிட்டேர்ந்து. மனுஷாளுக்கு நாப்பத்தெட்டு, அதுல இருபத்துநாலு அம்மாவோடது." அந்தக் காலத்துப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. எண்ணியவர்கள் இரண்டு கூட எண்ணிவிட்டார்கள் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நீரஜா பேச்சுவாக்கில் மேலே போனாள். "எங்காத்துல நான் அத்தை மாதிரி, அத்தை மாதிரின்னு சொல்லிச் சொல்லி உயிரை வாங்கறா. எல்லாம் அப்பாவோட பாதி பண்ற வேலை."

"குடுத்து வெச்சவங்க, மிஸ்," என்றாள் லூர்துமேரி.

நீரஜாவுக்கு அப்போதுதான் யாரிடம் என்ன பேசுகிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாதிதான் என்றதும் லூர்துமேரிக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. வெங்காயத்துக்கு முழுத் தாய், தனக்குப் பாதித் தாயா? அப்புறம் கேட்டாள், "என்னுதைப் பாக்கலாமா, மிஸ்?"

நீரஜா தீக்குச்சியின் மழுங்கின முனையால் அவளுடைய கன்னத்தின் உள்பக்கத்தை மெதுவாக வழித்தாள். வந்ததைக் கண்ணாடியில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். "இதுல நூலெல்லாம் தெரியாது. இது பிரியற இடமில்லை. பொட்டு மாதிரி ஒண்ணு தெரியும், அவ்வளவுதான். எல்லாம் அதுக்குள்ளே இருக்கு," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

பொட்டு தெரிந்தது. வெளிறின நீலத்தில் கரைபோட்டாற்போல ஒரு செல், நடுவில் அடர்த்தியாக ஒரு பொட்டு. பக்கத்தில் இன்னொன்று, அதிலும் பொட்டு.

"இதுல எங்கம்மா எது, மிஸ்?"

"அது தெரியாது, லூர்து. பிரிச்சுக் காட்ட முடியாது. ரெண்டும் கலந்துதான் இருக்கும்."

"ஆனா இருக்காங்க?"

"இருக்கா. சத்தியமா இருக்கா."

"அவங்க செத்துப்போயிருந்தா?"

"செத்துப்போயிருந்தாலும் இது போகாது. நீ இருக்கற வரைக்கும் இருக்கும். உன் உடம்புல பிரிஞ்சு பிரிஞ்சு புதுசா வந்துண்டே இருக்கும்."

"எனக்கப்புறம்?"

நீரஜா ஜன்னல் பக்கம் பார்த்தாள். லூர்துமேரிக்கு முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகப்போவதுமில்லை. பிள்ளை இல்லாமல் போனால் இந்த நூலும் அதோடு முடிந்தது என்பதுதான் பாடம் சொல்கிற பதில். லூர்துமேரியும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. சாயம் காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை உச்சி மணி அடித்தபோது புது வேர் வெட்டினாள். பரீட்சை நல்லபடியாக நடந்தது, வந்தவர் ஸ்லைடுகளைப் பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டை நீரஜா கொண்டுவந்து அவளிடம் சேர்த்தாள், கூடவே மேஜைக் கடிகாரம் ஒன்றையும் பின்னறையில் வைத்தாள். லூர்துமேரி அதைத் துடைத்துச் சாவி கொடுப்பாள். வெட்டுவது என்னவோ கோயில் மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து விரல்களைப் பார்ப்பதையும் அவள் விடவில்லை. அந்த ஆசை ஒரு பொட்டைப் பார்த்துவிட்டால் தீர்ந்துவிடுகிற ஆசையா?

நவம்பர் இரண்டு வந்தது. வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே தெருவில் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முத்தம்மா மீன்கூடையைத் தலையில் தூக்குகிறபோது லூர்துமேரி வெறுங்கையோடு வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

"இன்னா லூர்து, மெழுவத்தி எங்க? சமாதிக்குப் போவல?"

"இல்லக்கா, வேலைக்குப் போறேன்."

"வர்சா வர்சம் போவியே! உங்கம்மாவுக்கு யாரு ஏத்துவாங்க?"

லூர்துமேரி பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வளைந்த அந்தச் சுண்டுவிரல் முடிச்சில் மாட்டிக்கொண்டது, மெதுவாக விடுவித்தாள்.

"செத்தவங்களுக்குத்தானேக்கா மெழுவத்தி? எங்கம்மாவுக்கு இன்னும் பாதி உசுரு கீது," என்றாள். "நான் போற அன்னிக்கு, ரெண்டு பேருக்கும் சேத்து நீ ஒண்ணு ஏத்திடு."

முத்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சரி என்று தலையாட்டினாள். லூர்துமேரி வேகமாக நடந்தாள். உச்சி மணிக்கு வேர் வெட்ட வேண்டியிருந்தது.